ஊமத்தையில் உறக்கம் கண்ட ஜப்பான் டாக்டர்

வீட்டில் ஒரு பெண்ணுக்கு மார்பில் கட்டி. ஆபரேஷன் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இன்று வீட்டார் கேட்கும் கேள்விகள் இவைதான்: எத்தனை மணிக்குக் கண் விழிப்பாள்? ராத்திரி தூங்குவாளா? வலி தெரியுமா?

மயக்க மருந்து கொடுப்பார்களா என்று யாரும் கேட்பதில்லை. அது இல்லாமல் கத்தி வைக்க மாட்டார்கள் என்பது பாமரருக்கும் தெரியும்.

இருநூறு ஆண்டுகளுக்கு முன்பு நிலைமை அப்படி இல்லை. நோயாளி விழித்துக்கொண்டிருக்கும்போதே கத்தி இறங்கும். நாலு பேர் கையையும் காலையும் பிடித்துக்கொள்வார்கள். சாராயமோ அபினோ கொஞ்சம் கொடுப்பார்கள். அவ்வளவுதான். எவ்வளவு சீக்கிரம் அறுத்து முடிக்கிறாரோ, அவ்வளவு கெட்டிக்கார டாக்டர் என்று பெயர்.

அந்தக் காலத்தில், ஜப்பானில் ஒரு கிராமத்து மருத்துவர் தம் வாழ்நாளில் சுமார் 20 ஆண்டுகளை ஒரே ஒரு காரியத்துக்குச் செலவிட்டார். நோயாளியை ஆழ்ந்த உறக்கத்தில் ஆழ்த்தி, ஆபரேஷன் முடிந்ததும் உயிரோடு எழுப்ப வேண்டும் என்பதே அந்தக் காரியம். அதில் அவர் வெற்றி பெற்றார். அதற்கான விலையை அவருடைய மனைவி கொடுத்தார்.

அந்த மருத்துவரின் பெயர் ஹனவோகா செய்ஷூ.

நெசவுக் காசில் படிப்பு

ஜப்பானின் ஒசாகா நகருக்குத் தெற்கே கீ மாகாணம். இன்று அது வகயாமா எனப்படுகிறது. அங்கே ஹிராயமா என்ற சிற்றூரில் 1760-ம் ஆண்டு செய்ஷூ பிறந்தார். தந்தை நாட்டு மருத்துவர். தாயார் பெயர் ஒட்சுகி. வீட்டில் பிள்ளைகள் அதிகம், வருமானம் குறைவு.

1782-ம் ஆண்டு செய்ஷூ மருத்துவம் படிக்கக் கியோட்டோ நகருக்குப் போனார். மூத்த மகனின் படிப்புச் செலவுக்காக அவருடைய சகோதரிகள் வீட்டில் தறி போட்டு நெய்தார்கள் என்று அந்தக் குடும்பத்தைப் பற்றிச் சொல்வார்கள். தம்பிக்கோ அண்ணனுக்கோ பணம் அனுப்பிப் படிக்க வைத்த குடும்பங்களுக்கு இது புதிய கதை அல்ல.

அப்போது ஜப்பான், வெளிநாட்டவருக்குக் கதவைச் சாத்தியிருந்தது. ஐரோப்பியர்களில் டச்சுக்காரர்களுக்கு மட்டும் நாகசாகி துறைமுகத்தில் ஒரு சிறு தீவில் இருந்து வியாபாரம் செய்ய அனுமதி உண்டு. அவர்கள் மூலம் ஐரோப்பிய அறுவை வைத்தியம் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து வந்தது.

கியோட்டோவில் செய்ஷூ இரண்டு வகை வைத்தியத்தையும் கற்றார். ஒரு குருவிடம் சீன வழி வந்த மூலிகை வைத்தியம். இன்னொரு குருவிடம் டச்சு வழி அறுவை வைத்தியம். உள்ளுக்குக் கொடுக்கும் மருந்தும் வெளியே வைக்கும் கத்தியும் வேறு வேறு அல்ல என்பது அவர் கடைசிவரை விடாத கொள்கை. பிற்காலத்தில் அவர் செய்த சாதனைக்கு அதுவே அடிப்படை.

மூன்று ஆண்டுப் படிப்பை முடித்து 1785-ல் ஊர் திரும்பினார். அதே ஆண்டில் தந்தை காலமானார். குடும்பப் பொறுப்பும் தந்தையின் வைத்தியத் தொழிலும் அவர் தலையில் விழுந்தன. பக்கத்து ஊரான நாத்தேயில் ஒரு பெரிய வீட்டுப் பெண்ணான காயே அவருக்கு மனைவியாக வந்தார்.

தொடக் கூடாத நோய்

மார்பகப் புற்று அந்த நாளில் ஜப்பானிய வைத்தியர்கள் கைவைக்கப் பயந்த நோய். மார்பகம் பெண்ணின் உயிர்நிலை. அதில் கத்தி பட்டால் பிழைக்க மாட்டாள் என்று நம்பினார்கள். அதனால் கட்டி கல்லாக இறுகிப் புண்ணாகி உடையும்வரை களிம்பு தடவிக் காத்திருப்பார்கள்.

ஐரோப்பாவில் இந்தக் கட்டியை அறுத்து எடுக்கிறார்கள் என்று ஒரு ஜப்பானிய மருத்துவர் தமது நூலில் எழுதியிருந்தார். அந்தச் செய்தி செய்ஷூவின் மனதில் பதிந்தது. மாடு முட்டி மார்பு கிழிந்த ஒரு பெண்ணுக்கு அவர் தையல் போட்டார் என்றும், அவள் பிழைத்துக்கொண்டதைக் கண்டு பழைய நம்பிக்கை பொய் என்று தெளிந்தார் என்றும் ஒரு கதை வழங்குகிறது.

அறுக்கலாம் என்று தெரிந்துவிட்டது. ஆனால் அந்த வலியை எந்தப் பெண் தாங்குவாள்? துடிக்கிற உடம்பில் நிதானமாகக் கட்டியைத் தேடி எடுப்பது எப்படி? முதலில் உறக்கம் வேண்டும். பிறகுதான் கத்தி.

சீனாவில் சுமார் 1,800 ஆண்டுகளுக்கு முன்பு ஹுவா டுவோ என்ற மருத்துவர் இருந்தார். அவர் மதுவில் ஒரு மருந்தைக் கலந்து கொடுத்து, நோயாளி நினைவிழந்த பிறகு வயிற்றைக் கீறி வைத்தியம் செய்தார் என்று பழைய சீன வரலாறு கூறுகிறது. அந்த மருந்தின் செய்முறை அவரோடு அழிந்துவிட்டது. அழிந்துபோன அந்த மருந்தைத் தாமே கண்டுபிடிப்பது என்று செய்ஷூ முடிவு செய்தார்.

ஆறு மூலிகைகள்

அவர் உருவாக்கிய மருந்துக்குச் சூசென்சான் என்று பெயர். அதில் ஆறு மூலிகைகள் உண்டு. அவற்றில் முக்கியமானது நமக்கு நன்றாகத் தெரிந்த செடி. ஊமத்தை!

குப்பைமேட்டிலும் வேலியோரத்திலும் வளரும் செடி அது. குழல் போன்ற பூ. முள் நிறைந்த காய். சிவபெருமானுக்கு உகந்த பூ என்று கோயிலில் சாத்துவார்கள். ஆனால் வீட்டில் குழந்தைகளை அதன் பக்கம் விடமாட்டார்கள். அதன் விதையைத் தின்றால் பிதற்றல் வரும்; அளவு மீறினால் உயிர் போகும். வெள்ளைக்காரர் ஆட்சியில் வழிப்பிரயாணிகளுக்கு ஊமத்தை விதையைக் கலந்து கொடுத்துக் கொள்ளையடித்த கூட்டங்களைப் பற்றி இந்தியப் போலீஸ் பதிவுகளில் நிறைய உண்டு.

இரண்டாவது மூலிகை, நம் சித்த மருத்துவத்தில் வச்சநாபி எனப்படும் கிழங்கின் இனத்தைச் சேர்ந்தது. அதுவும் கடுமையான விஷம். மற்ற நான்கும் ஜப்பானிய, சீன வைத்தியத்தில் வழங்கும் வேர், கிழங்கு வகைகள். இவற்றை இடித்து, நீரில் கொதிக்க வைத்து, கஷாயமாகக் குடிக்கக் கொடுப்பார்கள்.

கஷ்டம் எல்லாம் அளவில்தான் இருந்தது. மருந்து குறைந்தால் நோயாளி பாதியில் விழித்துக்கொள்வார். கூடினால் விழிக்கவே மாட்டார். இந்த இரண்டுக்கும் நடுவே இருக்கும் பாதை மிகக் குறுகியது. ஒருவருக்குச் சரியாக இருக்கும் அளவு இன்னொருவருக்கு விஷம்.

இன்னொரு சங்கடமும் இருந்தது. ஊமத்தை தரும் உறக்கம் அமைதியான உறக்கம் அல்ல. வாய் உலரும். நெஞ்சு படபடக்கும். கண்ணின் பாப்பா விரியும். தெளியும் நேரத்தில் சிலர் பிதற்றுவார்கள். இல்லாததைக் கண்டு கைநீட்டுவார்கள். எனவே உறங்க வைத்தால் மட்டும் போதாது. எந்த மூலிகை எத்தனை பங்கு சேர்ந்தால் நோயாளி கெடுதல் இல்லாமல் தெளிவார் என்பதையும் பார்க்க வேண்டியிருந்தது.

நாய்களுக்கும் பூனைகளுக்கும் மருந்தைக் கொடுத்துப் பார்த்தார். பல பிராணிகள் செத்தன. பங்குகளை மாற்றினார். மறுபடி கொடுத்தார். ஆண்டுகள் ஓடின. கடைசியில் பிராணிகள் மயங்கி, பின்பு நலமாக எழுந்தன. ஆனால் மனித உடம்பில் சோதிக்காமல் நோயாளிக்குக் கொடுக்க முடியுமா?

மனைவியின் கண்கள்

சோதனைக்கு முன்வந்தவர்கள் இரண்டு பெண்கள். ஒருவர் அவரைப் பெற்ற தாய் ஒட்சுகி. மற்றவர் மனைவி காயே. இருவரும் மருந்தைக் குடித்தார்கள். ஒருமுறை அல்ல, பலமுறை குடித்தார்கள் என்று அந்தக் குடும்பத்தின் வரலாறு கூறுகிறது.

காயே உறங்கினார், விழித்தார். ஆனால் சோதனைகளுக்குப் பிறகு அவருடைய பார்வை மங்கியது. முடிவில் இரு கண்களும் குருடாயின.

ஊமத்தையின் சத்து கண்ணின் பாப்பாவை விரியச் செய்யும். சிலருடைய கண்களில் அதனால் உள்ளே அழுத்தம் ஏறி, பார்வை நரம்பு கெட்டுப் போகக்கூடும் என்பது இன்றைய கண் டாக்டர்களுக்குத் தெரியும். அன்று அதை அறிந்தவர் யாரும் இல்லை.

உலகம் இன்று செய்ஷூவைப் புகழ்கிறது. காயே தன் கணவர் அடைந்த புகழை இருட்டில் இருந்தபடியே கேட்டு வாழ்ந்தார். கணவருக்கு முன்பே காலமானார்.

இந்த மாமியாரையும் மருமகளையும் வைத்து 1966-ம் ஆண்டு சவாகோ அரியோஷி என்ற ஜப்பானியப் பெண் எழுத்தாளர் ஒரு நாவல் எழுதினார். மகனுக்காக யார் அதிகம் தியாகம் செய்வது என்று இருவருக்கும் நடந்த மௌனப் போட்டியாக அதை அவர் கற்பனை செய்தார். நாவல் பெரும் பரபரப்பை ஏற்படுத்தியது. அடுத்த ஆண்டே திரைப்படமாகவும் வந்தது. மருத்துவ நூல்கள் மறந்துவிட்ட அந்தப் பெண்ணை ஜப்பானிய மக்கள் வீடுதோறும் அறிந்துகொண்டது இப்படித்தான்.

1804: அந்த ஆபரேஷன்

1804-ம் ஆண்டு. செய்ஷூவிடம் 60 வயதான ஒரு பெண்மணி வந்தார். பெயர் கான். யமாட்டோ மாகாணத்தைச் சேர்ந்தவர். மார்பில் புற்றுக் கட்டி. அத்துடன் ஆஸ்துமாவும், கால் வீங்கும் பெரிபெரி நோயும் இருந்தன.

செய்ஷூ அவசரப்படவில்லை. பலவீனமான உடம்பு அந்த மருந்தைத் தாங்காது என்பது அவருக்குத் தெரியும். முதலில் மற்ற நோய்களுக்கு வைத்தியம் செய்து உடம்பைத் தேற்றினார். இன்றும் ஆபரேஷனுக்கு முன்னால் சர்க்கரை, ரத்த அழுத்தம், இருதயம் எல்லாம் பார்த்துவிட்டுத்தானே தேதி குறிக்கிறார்கள்? அதே முறைதான்.

ஜப்பானியப் பஞ்சாங்கப்படி பத்தாம் மாதம் 13-ந் தேதி அந்த ஆபரேஷன் நடந்தது. கான் கஷாயத்தைக் குடித்தார். நினைவு தப்பியது. செய்ஷூ மார்பைக் கீறி, கட்டியை வெளியே எடுத்து, காயத்தைத் தைத்தார். பிறகு கான் கண் விழித்தார்.

உடல் முழுவதையும் மயக்கத்தில் ஆழ்த்திச் செய்த ஆபரேஷன்களில், உறுதியான எழுத்து ஆதாரம் உள்ள முதல் ஆபரேஷன் இது என்று வரலாற்று ஆசிரியர்கள் ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். செய்ஷூ அதன் விவரத்தை எழுதி வைத்தார். அந்த ஏடு இன்றும் இருக்கிறது.

கான் அடுத்த ஆண்டில், 1805-ல், காலமானார். புற்று முற்றிய பிறகே அந்த நாளில் நோயாளிகள் வந்தார்கள். கத்தி கட்டியை எடுக்குமே தவிர, உடம்பில் பரவியதை எடுக்காது. ஆனால் அவர் கத்தியின் கீழ் துடிக்கவில்லை. அது அதுவரை எந்த வைத்தியரும் கொடுத்தறியாத வரம்.

ஒரு நாள் நீண்ட தூக்கம்

செய்தி பரவியது. ஜப்பானின் பல மூலைகளிலிருந்தும் பெண்கள் ஹிராயமாவுக்கு வந்தார்கள். செய்ஷூவின் காலத்தில் 150-க்கும் மேற்பட்ட மார்பகப் புற்று நோயாளிகளுக்கு ஆபரேஷன் நடந்தது. அவர்களுடைய பெயர்ப் பட்டியலே இருக்கிறது. சிலர் சீக்கிரமே இறந்தார்கள். சிலர் பல ஆண்டுகள் வாழ்ந்தார்கள்.

அந்த மருந்து வேலை செய்ய 2 மணி முதல் 4 மணி நேரம் ஆகும். அதன் பிறகு 6 மணி நேரத்திலிருந்து 24 மணி நேரம் வரை நோயாளி நினைவில்லாமல் கிடப்பார். ஆபரேஷன் முடிந்த பிறகும் பொழுது சாய்ந்து, இரவு கழிந்து, மறுநாள்கூட ஆகலாம். அதுவரை வீட்டார் மூச்சைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்க வேண்டும்.

அதில் ஒரு நன்மையும் இருந்தது. வெட்டுக்காயத்தின் வலி மிகக் கடுமையாக இருக்கும் முதல் சில மணி நேரம் உறக்கத்திலேயே கழிந்துவிடும். தீமையும் அதிலேயே இருந்தது. தொண்டைக்குள் போன கஷாயத்தைத் திரும்ப எடுக்க முடியாது. உறக்கத்தை நிறுத்த டாக்டர் கையில் கடிவாளம் கிடையாது. அதனால் வயது, உடல் வலிமை எல்லாம் பார்த்து ஆளுக்கு ஆள் அளவை மாற்றிக் கொடுத்தார் செய்ஷூ.

ஊரிலேயே ஷுன்ரின்கென் என்ற பெயரில் வைத்தியசாலையும் பள்ளியும் நடத்தினார். அவருடைய தம்பி ஒசாகாவில் ஒரு கிளையை நடத்தினார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் அவரிடம் படித்தார்கள். மருந்தின் செய்முறையை வெளியே சொல்வதில்லை என்று சேரும்போதே சத்தியம் செய்ய வேண்டும். அரைகுறையாகத் தெரிந்தவன் கையில் அது மருந்தல்ல, கொலைக் கருவி. ஆனால் அந்த ரகசியமே அவருடைய புகழ் பரவவும் தடையாயிற்று.

கீ பிரபு அவருக்குச் சாமுராய் அந்தஸ்து கொடுத்தார். அரண்மனை வைத்தியராகவும் ஆக்கினார். செய்ஷூ கோட்டைக்குக் குடிபோகவில்லை. கிராமத்திலேயே இருந்து ஏழை எளியவர்களுக்கும் வைத்தியம் செய்ய அனுமதி பெற்றுக்கொண்டார். 1835-ம் ஆண்டு ஹிராயமாவிலேயே காலமானார்.

பாரிசில் பட்ட பாடு

கானின் ஆபரேஷன் நடந்து 7 ஆண்டுகளுக்குப் பிறகு, 1811-ம் ஆண்டு செப்டம்பர் 30-ந் தேதி, பாரிஸ் நகரில் பிரபல ஆங்கில நாவலாசிரியை பேனி பர்னிக்கு மார்பக ஆபரேஷன் நடந்தது. அறுத்தவர்களில் நெப்போலியனின் புகழ்பெற்ற ராணுவ டாக்டர் லாரேயும் ஒருவர். இருந்தும் அந்த அம்மையாருக்குக் கிடைத்தது சிறிது மதுபானமும் முகத்தின்மேல் ஒரு மெல்லிய துணியும் மட்டுமே.

எல்லாம் நினைவோடு அனுபவித்தார். அதற்குப் பின் 28 ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்து 1840-ல் காலமானார். ஆனால் அந்த நாளைப் பற்றிப் பேசினாலே மறுபடி அதே வேதனை வருவதாக மாதக்கணக்கில் தவித்தார் என்பது, பின்னர் அவர் தம் சகோதரிக்கு எழுதிய நீண்ட கடிதத்திலிருந்து தெரிகிறது. காயம் ஆறியது, மனம் அமைதி பெறவில்லை.

ஜப்பானின் கதவு மூடியிருந்ததால், சூசென்சான் பற்றி பாரிசுக்குத் தெரியாது. அமெரிக்காவில் பாஸ்டன் நகரில் 1846-ம் ஆண்டு அக்டோபர் 16-ந் தேதி மார்ட்டன் என்ற பல் டாக்டர் ஈதர் ஆவியைக் கொடுத்து ஆபரேஷனுக்கு உதவினார். மறு ஆண்டே குளோரோபாரம் வந்தது. உலகம் மயக்க மருந்தை அறிந்தது அப்போதுதான். செய்ஷூ அதற்கு 42 ஆண்டுகள் முந்தியவர்.

ஈதர் சில நிமிடங்களில் மயக்கும். ஆவியை நிறுத்தினால் தெளியும். கடிவாளம் டாக்டர் கைக்கு வந்தது. ஜப்பான் கதவைத் திறந்தபின் அங்கும் இந்த மருந்துகளே நிலைத்தன. கஷாயம் வழக்கொழிந்தது.

இன்றும் அதே கேள்வி

எந்த மருந்து, எவ்வளவு என்ற செய்ஷூவின் கேள்வி மட்டும் இன்னும் தீரவில்லை. மயக்கம் வேறு, தூக்கம் வேறு என்பது இன்று தெளிவாகத் தெரியும். இயற்கையான தூக்கத்தில் ஆழ்ந்த உறக்கமும் கனவு உறக்கமும் மாறி மாறி வரும். மயக்க மருந்து அந்த வேலையைச் செய்வதில்லை. அதனால்தான் பெரிய ஆபரேஷனுக்குப் பிறகு முதல் சில இரவுகளில் தூக்கம் துண்டு துண்டாகிறது. வலி, வலிக்குக் கொடுக்கும் மார்பின் போன்ற மருந்து, வார்டின் வெளிச்சம், சத்தம் எல்லாம் அதைக் கெடுக்கின்றன. மார்பக ஆபரேஷனில் இவற்றோடு ஒரு பக்கமாகத் திரும்பிப் படுக்க முடியாத தொல்லை, நீர் வடியும் குழாய், பரிசோதனை ரிப்போர்ட் என்ன வருமோ என்ற பயம்.

இன்று மார்பக ஆபரேஷனுக்கு வழிகள் பல. மூச்சின் வழியே கொடுக்கும் செவோப்ளூரேன் போன்ற வாயு ஒன்று. ரத்தக் குழாயில் ஏற்றும், பால் போல வெளுத்த புரோபோபால் ஒன்று. இவற்றோடு, முதுகின் பக்கமோ மார்புத் தசையிலோ ஊசி போட்டு அந்தப் பகுதியின் நரம்பை மரக்கச் செய்வதும் உண்டு.

புரோபோபால் முறையில் குமட்டலும் வாந்தியும் குறைவு. நரம்பை மரக்கச் செய்தால் முதல் நாள் வலி குறையும். மார்பின் வகை மருந்தும் குறைவாகத் தேவைப்படும். வலியும் வாந்தியும் குறைந்தால் தூங்குவது சுலபம். வாயு நல்லதா, புரோபோபால் நல்லதா என்று தூக்கத்தை மட்டும் வைத்துச் செய்த ஆராய்ச்சிகள் ஒரே முடிவைத் தரவில்லை. சிலவற்றில் புரோபோபால் பெற்றவர்கள் நன்றாகத் தூங்கினார்கள். சிலவற்றில் பெரிய வித்தியாசம் இல்லை.

எனவே ஆபரேஷனுக்கு முன்பு மயக்க மருந்து டாக்டர் வந்து விசாரிக்கும்போது வாய்மூடி இருக்க வேண்டியதில்லை. முன்பே தூக்கம் குறைவு, குறட்டை அதிகம், தூக்க மாத்திரைப் பழக்கம், கண்ணில் அழுத்த நோய், பஸ்சில் போனாலே வாந்தி என்று எது இருந்தாலும் சொல்லிவிட வேண்டும். அளவையும் வழியையும் தேர்ந்தெடுக்க அது அவருக்கு உதவும். ஊமத்தையை மட்டும் யாரும் வீட்டில் சோதித்துப் பார்க்கக் கூடாது. செய்ஷூவுக்கே 20 ஆண்டுகள் பிடித்த காரியம் அது.

ஊமத்தையின் சத்தான ஸ்கோபாலமின் இன்றும் ஆஸ்பத்திரியில் இருக்கிறது. ஆபரேஷனுக்குப் பிந்திய வாந்தியைத் தடுக்க, அதைத் தடவிய ஒரு சிறு ஒட்டுத்துண்டைச் சில நாடுகளில் காதுக்குப் பின்னால் ஒட்டுகிறார்கள்.

ஹிராயமாவில் செய்ஷூவின் வைத்தியசாலை புதுப்பிக்கப்பட்டு மக்கள் பார்வைக்குத் திறந்திருக்கிறது. ஜப்பானிய மயக்க மருந்து டாக்டர்களின் சங்கம் தன் சின்னத்தில் ஊமத்தம்பூவை வைத்திருக்கிறது. செய்ஷூவுக்குச் செய்யும் மரியாதை அது. அதில் பாதி, கண்ணை இழந்த காயேவுக்குச் சேர வேண்டியது.